நீக்கப்பட்ட பதிவும் பதினொரு பதில்களும்

புதிதாக மட்டுறுத்துனர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இணையக் குழுமத்தை எப்படி நடத்துவது, வம்பு வளர்ப்பவரை எப்படி வெளியேற்றுவது, சண்டை முற்றிய இழையை எப்போது பூட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டை எழுதியவளும் நான்தான் என்பதால் அதைப் புகழ்ந்துகொள்ளப் போவதில்லை. அதில் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். நான் செய்த தவறு அது. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அம்பத்தூர் ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் இன்னமும் நினைவுக்கு வருகிறது. ஆவடியில் குடியிருந்துகொண்டு அம்பத்தூரைத் தாண்டாமல் எங்கே போய்விட முடியும்?

முதலில் எங்கள் குழுமத்தின் இரண்டு வழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் பக்கத்திலிருந்து காலையில் வேலைக்கு வரும் பெண்கள் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பேச ஆரம்பிப்பார்கள். பேச்சு சூடு பிடிக்கும்போது ஒருத்தி இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிடும். விட்ட இடத்திலிருந்து பேசுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்றுதான் இணையத்தில் இந்தக் குழுமம் தொடங்கியது. தொடங்கியவர் அதே ரயிலில் பல வருடம் போய்வந்து, நூலகராக ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். பெரிய மேடம் என்போம். அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு கணினி, மட்டுறுத்துனர் வேலைக்கு நான். உறுப்பினர்கள் மட்டுமே எழுதலாம், உறுப்பினர்கள் மட்டுமே படிக்கலாம்.

முதல் வழக்கம், பெயர். யாரும் சொந்தப் பெயரில் எழுதவில்லை. ஏறுகிற வண்டியின் நேரமும் ஸ்டேஷனும்தான் பெயர். நான் ‘எட்டு ஐந்து, ஆவடி’. என் சிநேகிதி ‘ஏழரை, திருநின்றவூர்’. முகம் தெரியாமல் எழுதுகிறோம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அமெரிக்காவில் இருப்பவனுக்கு அது யாரென்று தெரியாது, உண்மைதான். ஆனால் அதே வண்டியில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியும். நாம் யாருக்குப் பயந்து பெயரை மறைக்கிறோமோ அவர்கள் அமெரிக்காவில் இல்லை, அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள் என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

இரண்டாவது வழக்கம், வரி எடுத்துப் போடுவது. பதில் எழுதுகிறவர் எந்த வரிக்குப் பதில் சொல்கிறாரோ அந்த வரியை மேலே எடுத்துப் போட்டுவிட்டு, கீழே தன் பதிலை எழுத வேண்டும். பட்டன் போனில், கூட்டத்தில் நின்றுகொண்டு படிக்கிறவர்கள், ஒரு பதிவும் அதன் பதில்களும் சேர்ந்த இழையின் தொடக்கத்துக்குப் போய்த் தேட முடியாது என்பதால் இந்த விதியை நான்தான் கொண்டுவந்தேன். வரி போடாமல் பதில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் நான் ரொம்பக் கறார்.

நான் சொல்லப்போகிற பெண்ணை ‘ஆறு நாற்பது, வேப்பம்பட்டு’ என்று சொல்கிறேன். அவருடைய வண்டி நேரம் ஆறு நாற்பது அல்ல, ஊரும் வேப்பம்பட்டு அல்ல. இரண்டையும் மாற்றியிருக்கிறேன். இந்தப் புத்தி எனக்கு அப்போதே இருந்திருக்கலாம். மற்றதை எழுத அவருடைய மகளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஆறு நாற்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆடை கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். குழுமத்தில் அதிகமாக எழுதியவர்களில் ஒருவர். நேரத்துக்கு வராத ரயில், சம்பளம் பிடிக்கும் சூப்பர்வைசர், வத்தக்குழம்பு, தலைவலி என்று எதையும் விடமாட்டார். எழுத்தில் ஒரு கிண்டல் இருக்கும். படித்தால் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் மட்டும் கிண்டல் இல்லாத ஒரு பதிவை எழுதினார். நீளமான பதிவு. அவருடைய அக்கா, குழந்தை பிறந்த நான்காவது மாதத்தில் இறந்துபோயிருக்கிறார். அந்தக் குழந்தையை இவரும் கணவரும் எடுத்து வளர்த்திருக்கிறார்கள். வேறு பிள்ளை கிடையாது. குழந்தைக்கு அப்போது ஆறு வயது, இவர்தான் பெற்ற அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அவளை அடித்துவிட்டார். அடித்த கையோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவளிடம் எப்போது உண்மையைச் சொல்வது என்பதுதான் கேள்வி. இடையில் ஒரு வரி: ‘நான் பெத்திருந்தா இவ்ளோ கோவம் வந்திருக்காதோன்னு இருக்கு.’

பதினொரு பேர் பதில் எழுதினோம். பதினொரு பேரும் அந்த வரியைத்தான் மேலே எடுத்துப் போட்டோம். மனசைப் பிடித்து இழுத்த வரி அதுதானே. எல்லாம் ஆறுதல்தான். நான் எழுதியது: ‘நானும் ரெண்டு பெத்தவதான், ரெண்டையும் அடிச்சிருக்கேன். கோபத்துக்குப் பெத்தது, பெறாததுன்னு பாக்கத் தெரியாது.’ உண்மையை எப்போது சொல்வது என்பதற்குப் பெரும்பாலோர் பதினெட்டு வயசு ஆகட்டும் என்றோம். அவரும் சரி என்று நன்றி எழுதினார். அதோடு அந்த இழை கீழே போய்விட்டது. அப்புறம் அவருக்கு ஷிப்ட் மாறியது, எழுதுவது குறைந்தது, பிறகு குழுமத்துக்கு வருவதே நின்றுவிட்டது.

எட்டு வருடம் போயிற்று. ஒரு மழைக்காலம். செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வழியாக வெளியே போகலாம் என்று பூந்தமல்லி பக்கத்து உறுப்பினர்கள் வருஷா வருஷம் எழுதிவைத்திருந்தார்கள். அவ்வளவும் பூட்டிய கதவுக்கு உள்ளே. உறுப்பினராக இருந்தவர்கள் படித்துவிட்டு சாமானை மேலே ஏற்றிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகு குமணன்சாவடியிலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். அவளுடைய தையல் மெஷினும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் நனைந்து போயிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி எங்கள் உறுப்பினர். அவள் வீட்டில் ஒரு தலையணைகூட நனையவில்லை.

“எல்லாம் தெரிஞ்சுகினு உள்ளயே பூட்டி வெச்சுகினு இருந்தீங்களே. நாங்க இன்னா பாவம் பண்ணோம்?” என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்றைக்கே பெரிய மேடத்திடம் போய், குழுமத்தைத் திறந்துவிடலாம், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றேன். அவர் தண்ணீர் பற்றிய இழைகளைத் திறப்பதற்கு உடனே சரி என்றார். மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். பழைய இழைகளைப் பிரித்து எடுப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று நான் குதித்தேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “எழுதுறப்ப யார் படிப்பாங்கன்னு நெனச்சு எழுதினாங்க? அத மட்டும் ஒருதடவ யோசிச்சுட்டுத் திற.” வீட்டுக்குள் தண்ணீர் வந்தவளிடம் போய் இதைக் கேளுங்கள் என்று நான் பதில் சொன்னேன். அவர் வாதாடவில்லை. வயதாகிவிட்டது, கண் பார்வையும் குறைந்துவிட்டது, பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

திறக்கப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் போட்டுவைத்தேன். முறையாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். குழுமத்துக்குள் வருகிறவர்கள்தானே பலகையைப் பார்ப்பார்கள்? வருவதை நிறுத்தி வருடக்கணக்கான பெண்கள் எங்கே பார்ப்பார்கள்? ஒரு மாதம் கழித்து ஒரே அழுத்தில் மொத்தத்தையும் திறந்தேன். நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த மழையில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம், உங்கள் பழைய இழையைப் பார்த்து பீரோவை மாடிக்கு ஏற்றிவிட்டோம் என்று எழுதினார்கள். அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குழுமத்தைத் திறந்த அந்த வருடமே ஒரு மதியம் ஆறு நாற்பது அலுவலகத்துக்கு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிரிக்காத டிபன் பை. அதுவரை நேரில் பார்த்ததில்லை, வண்டி நேரத்தைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இன்னா மேடம் இது, நம்ம பொம்பளைங்களுக்குள்ள தான பேசிகினு இருந்தோம்? இப்ப ரோட்ல போறவன்லாம் படிக்கிறானே” என்றார். அவருடைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அக்கா இது நீங்கதானே என்று போனை நீட்டிக் கேட்டிருக்கிறாள். வண்டி நேரத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். “எம் பொண்ணு கையிலயும் போன் கீது மேடம். அதுக்கு ஒண்ணும் தெரியாது. பிளஸ் டூ முடிக்கட்டும், நானே பக்கத்துல உக்கார வெச்சு சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் அது கண்ணுல படக்கூடாது. நான் எழுதுனத எடுத்துடுங்க.”

மற்ற பதிவுகளை என்ன செய்வது என்று கேட்டேன். அதெல்லாம் இருக்கட்டும், வத்தக்குழம்பைப் படித்து யாராவது நல்லபடியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றார். அந்த நிலைமையிலும் அவருக்குக் கிண்டல் வந்தது.

நம்மிடம் இரண்டு பட்டன்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று ‘மறை’, பதிவு வெளியே தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும். இன்னொன்று ‘அழி’. முதலில் மறை, மூன்று மாதம் கழித்து அழி என்பது பெரிய மேடம் வகுத்த விதி. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். எங்கேயும் இருக்கக்கூடாது, உங்கள் பெட்டிக்குள்ளும் இருக்கக்கூடாது என்றார். குழுமத்தைத் திறந்து அவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவள் நான், இனி விதி பேசினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. திரையை அவர் பக்கம் திருப்பினேன். நீங்களே அழுத்துங்கள் என்றேன். அவருடைய எழுத்து, அவருடைய விரல். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் உடனே அழுத்தவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் தான் எழுதியதை முதலிலிருந்து படித்தார். நின்றுகொண்டே, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். கடைசிப் பகுதிக்கு வந்தபோது ஒரு இடத்தில் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர் எழுத்தை எட்டிப் பார்க்க வேண்டாம் என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுத்தினார். பதிவு போயிற்று. அதன் இடத்தில் ‘இந்தப் பதிவு நீக்கப்பட்டது’ என்று வந்தது. டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார்.

அந்தப் பக்கத்தில் கீழே பதினொரு பதில்கள் அப்படியே இருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். அவை பதினொரு பெண்களுடைய எழுத்து, ஒருத்தி கேட்டதற்காக இன்னொருத்தியின் எழுத்தை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று நினைத்தேன். அவர் கேட்டதும் ‘நான் எழுதுனத’ என்றுதானே. அந்த நியாயத்தில் ஓட்டை இருப்பதாக அன்று தெரியவில்லை. ஒவ்வொரு பதிலின் தலையிலும் அவருடைய வரி ஒன்று உட்கார்ந்திருப்பதை என் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. அந்த வரியை அங்கே உட்கார வைத்த விதியும் என்னுடையது.

இரண்டு வருடத்துக்குள் அவர் இறந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. கம்பெனியிலேயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார், நினைவு திரும்பவில்லை. ஏழரை திருநின்றவூர்தான் எனக்குச் சொன்னாள். அப்போது மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அடுத்த வருடம் ஒரு பெண் படியேறி வந்தாள். தோளில் காலேஜ் பை, கையில் கீழே ஜெராக்ஸ் கடையில் எடுத்த சில தாள்கள். வாசலிலேயே நின்றாள்.

“மேடம், ஆறு நாற்பது வேப்பம்பட்டு எங்கம்மா.”

அம்மா இறந்த பிறகு அவள் குழுமத்துக்கு வர ஆரம்பித்திருக்கிறாள். அம்மா இங்கே எழுதுவார் என்று அவளுக்குத் தெரியும், அந்தப் பெயரும் தெரியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்திருக்கிறாள். ரயில் கதை, சூப்பர்வைசர் கதை, வத்தக்குழம்பு. அம்மாவின் குரல் அப்படியே கேட்டது மேடம் என்றாள். ஒரே நாளில் படித்துத் தீர்த்துவிடக் கூடாது என்று ஒரு நாளைக்கு இரண்டு பதிவு என்று கணக்கு வைத்துப் படித்திருக்கிறாள். நான் குழுமத்தைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு இதில் ஒன்றும் கிடைத்திருக்காது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் படித்துக்கொண்டே வந்தவள், ஒருநாள் அந்த இழைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். மேலே நீக்கப்பட்டது என்ற அறிவிப்பு. கீழே, அம்மா எழுதிய ஒரே வரி, பதினொரு தடவை.

அப்பாவைக் கேட்டிருக்கிறாள். உங்கம்மாதான் உங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டாராம். மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான்.

தாள்களை மேஜையில் வைத்தாள். அம்மாவின் பதிவு எங்கே என்று கேட்டாள். நீக்கியாகிவிட்டது என்றேன். யார் நீக்கியது என்றாள்.

“அம்மாதான் நீக்கச் சொன்னாங்க. பட்டனையும் அவங்களேதான் அமுக்கினாங்க” என்றேன்.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் நான் அதைச் சொன்னது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. இந்த வேலையில் நெருக்கடி வரும்போது நமக்குக் கைவசம் எப்போதும் ஒரு உண்மை இருக்கும், அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக. அவள் தாள்களை என் பக்கம் திருப்பினாள். பிறகு கேட்டாள்.

“அப்ப இந்த ஒரு வரிய மட்டும் ஏன் மேடம் விட்டுட்டுப் போனாங்க?”

அம்மா எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தனக்கென்று அந்த ஒரு வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டுப் போனதாக நினைத்திருக்கிறாள். எத்தனை நாள் அப்படி நினைத்துக்கொண்டு படுத்தாளோ. உட்காரம்மா என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“அவங்க விடல. நான்தான் விட்டேன்” என்றேன்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வரி எடுத்துப் போடும் விதி என்னுடையது. திறந்தது நான். பதில்களை விட்டுவைத்தது நான். உங்கம்மா திரையைக் கீழே இறக்கி இவற்றைப் பார்க்கவே இல்லை, தான் எழுதியது மொத்தமும் போய்விட்டது என்ற நம்பிக்கையில்தான் படியிறங்கினார் என்றேன். பிளஸ் டூ முடிந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வதாக இருந்தார் என்பதையும் சொன்னேன். அவளைப் பெற்றவர் அம்மாவின் அக்கா என்று பதிவில் இருந்ததையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. விரலால் ஒரு பதிலைத் தொட்டு, இந்த எட்டு ஐந்து ஆவடி யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகுதான் அவள் வந்ததற்கான கேள்வி வந்தது. அந்தப் பதிவில் வேறு என்ன இருந்தது? அது நீளமான பதிவு என்று பதில்களைப் படித்தாலே தெரிகிறது, மீதியில் அம்மா என்ன எழுதியிருந்தார்?

எனக்கு நினைவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆன பதிவு, ஒரே ஒரு தடவை படித்தது. அக்கா இறந்ததும் குழந்தையை அடித்ததும் அந்த வரியும் அப்படியே நிற்கிறது, பிற்பாதி நிற்கவில்லை. நினைவில்லை என்று சொல்லாமல் வேறொன்று சொல்லியிருக்கலாம். நீதான் என் உயிர் என்று எழுதியிருந்தார் என்று நான் சொல்லியிருந்தால் யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றி நம்மிடம் இருந்து அவளுக்கு ஏற்கனவே அரைகுறையாகத்தான் கிடைத்திருக்கிறது, அதோடு ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நினைவில்லை என்றேன், கேட்டுப் பார்க்க ஒரு வாரம் கொடு என்றேன்.

அந்த வாரம் நான் செய்யாத வேலை இல்லை. பழைய காப்புப் பிரதிகளைத் தேடினேன். ஆறு மாதத்துக்கு மேல் நாம் வைத்துக்கொள்வதில்லை. பதில் எழுதிய மற்ற பத்து பேரைத் தேடினேன். எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒருத்தி, குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததைப் பற்றி எழுதியிருந்தார் என்றாள். இன்னொருத்தி, அடி வாங்கின குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு டிபன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றதாக எழுதியிருந்தார் என்றாள். அவளே கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு, அது வேறு யாரோ எழுதியதாகவும் இருக்கலாம், நிச்சயமாகத் தெரியவில்லை என்றாள். மற்ற ஆறு பேருக்கும் அந்த ஒரு வரிதான் நினைவிருந்தது.

அவள் மறுபடி வந்தாள். கிடைத்ததைக் கிடைத்தபடி சொன்னேன், நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொன்னேன். டிபன் பை விஷயத்தைக் கேட்டதும் தனக்கும் அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லையே என்றாள். கடைசியாக, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அழிப்பதற்கு முன்னால் அவளுடைய அம்மா நின்றுகொண்டு முழுவதையும் படித்ததைச் சொன்னேன்.

“கடைசியில ஒரு எடத்துல சிரிச்சாங்க” என்றேன்.

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க. கண்ணையும் துடைச்சுகிட்டாங்க.”

“எந்த எடம் மேடம்?”

“நான் பாக்கலம்மா. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்.”

அந்த ஒரு தடவை நான் எட்டிப் பார்த்திருக்கலாம். அடுத்தவர் எழுத்தை எட்டிப் பார்க்காமல் இருந்ததற்காக என் வாழ்க்கையில் நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். அவள் எழுந்து வந்து என் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். இந்தப் பதிவு நீக்கப்பட்டது என்ற எழுத்தும் அதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடமும். அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், அலுவலகம் என்றுகூடப் பார்க்கவில்லை.

பதில்களை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவர்கள் எல்லோரும் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் போனால் அம்மா அன்றைக்குத் தனியாக இருந்த மாதிரி ஆகிவிடும் என்றாள். ஊர் படிக்க வேண்டாம், நான் மட்டும் படிக்க வேண்டும் என்றாள். அந்த எட்டுப் பேரிடமும் கேட்டேன், சம்மதித்தார்கள். கிடைக்காத இருவருக்காக நானே முடிவெடுத்தேன், அது சரியா என்று இன்னும் தெரியவில்லை. இழையைப் பூட்டி, அவள் ஒருத்திக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நீக்கச் சொல்லி ஒருவர் வந்தால், கீழே இறக்கி கடைசிப் பதில் வரைக்கும் அவரோடு சேர்ந்து படியுங்கள். அவருடைய வரி வேறு யார் எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அழிப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து அவர் கையில் கொடுங்கள். நம் பெட்டியில் இருக்க வேண்டாம் என்பது அவருடைய உரிமை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துக்கொள்வாரா, வாசலில் நின்று கிழித்துப் போடுவாரா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கீழேயே ஜெராக்ஸ் கடை இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

திறப்பதா பூட்டுவதா என்று என்னைக் கேட்காதீர்கள். குமணன்சாவடிக்காரிக்கு நான் பூட்டியது அநியாயம், இவளுக்குத் திறந்ததும் அழித்ததும் இரண்டுமே அநியாயம். ஒவ்வொரு இழையாக உட்கார்ந்து பார்க்க மாதக்கணக்கில் ஆகும் என்று குதித்தேனே, அந்த மாதங்களைச் செலவழித்திருக்க வேண்டும். நீங்கள் செலவழியுங்கள்.

இன்னொன்று. அந்த இழைக்கு இன்றைக்கும் ஒரே வாசகிதான். அவள் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து படித்துவிட்டுப் போகிறாள் என்பது நம் பக்கத்தில் பதிவாகும். நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அதைத் திறந்து பார்த்துவிட்டேன். பார்த்ததும் மூடிவிட்டேன். என்ன நேரம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நீங்களும் பார்க்காதீர்கள்.